உள்ளே மூன்றரை, வெளியே நாலே கால்

அக்காவின் வேனுக்கு மூன்றரை லிட்டர் இன்ஜின் ஆயில் போதும். வண்டியோடு வந்த புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன்பு நாங்களே வீட்டில் மாற்றியபோது மூன்றரைதான் ஊற்றினோம். ஊற்றியவர் அத்தான், ஆகவே அந்த அளவில் சந்தேகத்துக்கு இடமில்லை. அத்தான் இருபத்தாறு வருஷமாக மருந்துக் கடையில் மருந்து கலக்குகிறவர். டீக்குச் சர்க்கரை போடும்போதுகூட ஸ்பூனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே வேனிலிருந்து நாலே கால் லிட்டர் இறங்கியது.

நான் பொத்தான், ஜிப், ரிப்பன் மொத்த வியாபாரம் செய்கிறவன். சரக்கு குறைவது எனக்குப் பழக்கம். எலி கடிக்கும், மழையில் நனையும், நம்பின ஆளே இடுப்பில் செருகிக்கொண்டு போவான். ஆனால் பூட்டி வைத்த இடத்தில் சரக்கு கூடியதை நான் பார்த்ததில்லை. கூடியது என்று எவனாவது வந்து சொன்னால், அவனை உட்காரவைத்து ஒரு டீ கொடுத்து நிதானமாக விசாரிப்பேன்.

வண்டியை அக்கா வீட்டுப் பின்பக்கம் சரக்கு ஏற்றும் சரிவில் முன்சக்கரம் மேலே இருக்கும்படி நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அடியில் படுத்து, எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றியவன் நான். கறுப்பாக, வெதுவெதுப்பாக, கயிறு மாதிரி இறங்கியது. கீழே வைத்திருந்த பேசினில் விளிம்பு வரைக்கும் வந்து நின்றபோது, போன தடவை இவ்வளவு தளும்பவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. கையில் வழிந்த எண்ணெயைத் துடைக்கிற அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த அத்தான்தான் கண்டுபிடித்தார். பழைய ஆயில் சேகரிக்கிற ஆளிடம் கொடுப்பதற்காக, அதை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு பாட்டில் நிறைந்தது. ஐந்தாவதில் கால்வாசி. மறுபடி பேசினிலேயே கொட்டி, கடை அளவுக் குவளையை எடுத்துவரச் சொல்லி, திரும்ப அளந்தார்.

"மாப்ள, உள்ள எவ்வளவு ஊத்தினோம்?"

"மூணரை."

"வெளிய வந்திருக்கிறது நாலே கால்."

"லாபம்தானே அத்தான்."

அவர் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையை நெற்றியில் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காவைக் கூப்பிடு" என்றார்.

அக்கா லாண்டரி நடத்துகிறாள். வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் மூன்று பெரிய மெஷின், ஒரு டிரையர், ஒரு நீள இஸ்திரி மேசை, மேசைக்குப் பதினைந்து வருஷமாக ஒரே இஸ்திரிக்காரர். மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்கு இருநூற்று நாற்பது படுக்கை விரிப்பு போகவேண்டும். எட்டு மாதம் நடையாய் நடந்து பிடித்த வேலை. வாடகை வண்டி ஆகாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து சோதித்து நம்பர் குறித்துக்கொண்டு போன மூடிய வண்டிதான் உள்ளே வரலாம். அந்த நம்பர் இந்த வேனுடையது. ஸ்டோர்கீப்பர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்: "சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வண்டி ரெடின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா நான் அடுத்த ஆளைச் சொல்லிடுவேன்." அடுத்த ஆள் நாலு லாரி வைத்திருக்கிற பெரிய லாண்டரிக்காரர். அவரைச் சொன்னால் சொன்னதுதான்.

அக்கா வந்து பாட்டில்களைப் பார்த்தாள். "இதுக்கா கூப்பிட்டீங்க? அங்க பாதி விரிப்பு ஈரமா கெடக்கு."

"முக்கால் லிட்டர் கூட இருக்கு" என்றார் அத்தான். "எண்ணெய் குட்டி போடாது. ஒண்ணு, யாரோ மேல ஊத்தியிருக்கணும். இல்லேன்னா இன்ஜினுக்குள்ள பெட்ரோல் கசிஞ்சு எண்ணெயோட கலந்திருக்கணும்."

"கலந்தா?"

வழக்கமாக வேனைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம். அவர் எதையோ தட்டிக்கொண்டே பேசினார்.

"பெட்ரோல்னா வண்டியை எடுக்காதீங்க. எண்ணெய் இளகிப்போய் உள்ள இருக்கிற பேரிங்கு தேய்ஞ்சிரும். பிரிச்சுப் பார்க்கணும், நாலு நாள் ஆகும். யாராச்சும் கூட ஊத்தியிருந்தா பெரிய விஷயமில்ல. அதிகமா இருந்தா உள்ள சுத்துற தண்டு எண்ணெயை முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சு நுரையாக்கும், வண்டி இழுக்காம சோம்பும், அவ்வளவுதான். சோம்புச்சா?"

"ரெண்டு மூணு மாசமா சோம்பல்தான்" என்றாள் அக்கா. "எனக்கும்தான் சோம்பலா இருக்கு. அதனால கண்டுக்கல."

"ரெண்டுக்கும் சோம்பும்மா. பெட்ரோல்னாலும் சோம்பும். எதுன்னு நீங்கதான் பார்க்கணும்." தட்டுகிற சத்தத்தோடு போன் நின்றது.

மணி மூன்று. நாலு நாள் என்ற வார்த்தை அக்காவின் முகத்தில் இறங்குவதை நான் பார்த்தேன். அவள் உட்கார்ந்து பழக்கமில்லாதவள். கவிழ்த்துப்போட்ட துணிக்கூடை மேல் உட்கார்ந்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் இஸ்திரி மேசை ஆராய்ச்சிக் கூடமானது. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அக்காவின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று ஒரே ஆர்வம். ஒரு இரும்புப் பெட்டி, போட்டதைவிட அதிகமாகத் திருப்பித் தருகிறது. ஏன் என்று தெரியாமல் எப்படிப் போய்ச் சாப்பிட உட்காருவது?

முதலில் மோந்து பார்த்தோம். எனக்குப் பெட்ரோல் வாசனை அடித்தது. அத்தானுக்கு அடிக்கவில்லை.

"எனக்கு ப்ளீச் வாசனை வருது" என்றாள் அக்கா.

"உனக்கு ரோஜாப்பூவுலயும் ப்ளீச்தான் வரும்."

"உனக்கு எதுல வேணாலும் பெட்ரோல் வரும். காலைல பெட்ரோல் போட்டுட்டு வந்தவன் நீதான, கையை மோந்து பாருடா."

மோந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அத்தான் கடைப்பையிலிருந்து மருந்து வடிகட்டுகிற வடிதாளை எடுத்தார். பழைய எண்ணெயில் ஒரு சொட்டு, புதிய எண்ணெயில் ஒரு சொட்டு. பெட்ரோல் இருந்தால் சொட்டைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று தனியாகப் பரவும் என்றார். நாலு தலைகள் தாளுக்கு மேல் கவிந்தன. பழையதில் வளையம் வந்தது. அக்கா மூச்சை இழுத்தாள். அரை நிமிஷம் கழித்துப் புதியதிலும் வளையம் வந்தது. அக்கா மூச்சை விட்டாள்.

பிறகு ஓட்டப் பந்தயம். இஸ்திரிக்காரர் ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்தார். மேல் விளிம்பில் இரண்டு எண்ணெயிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தோம். பெட்ரோல் கலந்தது தண்ணீர் மாதிரி ஓடவேண்டும். இரண்டும் கல்யாணப் பெண் மாதிரி நின்றன. பிறகு கறுப்பு மெல்ல நகர்ந்தது, தேன் நிறம் பின்னால் வந்தது.

"கருப்பன் முந்துறான், முதலாளியம்மா" என்றார் இஸ்திரிக்காரர், தம்மை மறந்து.

"நீங்க யார் பக்கம்?"

அவர் அவசரமாகத் தேன் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

கறுப்பு இரண்டு விரல் அகலத்தில் ஜெயித்தது. அத்தான் பெருமூச்சு விட்டார். "ஓடி உழைச்ச எண்ணெய் கொஞ்சம் இளகத்தான் செய்யும். இது பெட்ரோலாலயா, வயசாலயான்னு தட்டு சொல்லாது." பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்: "யாராவது மேல ஊத்தினீங்களா?"

நான் குனிந்து புதிய எண்ணெய்க் கேனின் மூடியைத் திருகி இறுக்கினேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நானும் அக்காவும் அப்பாவின் கடை மேசைக்குப் பின்னால் வளர்ந்தவர்கள். அங்கே பன்னிரண்டு பொத்தான் கேட்டால் பதின்மூன்று விழும். ஒரு கஜம் நாடா என்றால் நாலு விரல் சேர்த்துத்தான் கத்தரி இறங்கும். அந்தக் கொசுறு விழாமல் கை மடங்காது. அளவோடு நிறுத்துவது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி. ஏழு மாதத்துக்கு முன்பு அத்தான் அளந்து ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனபோது, நாலு லிட்டர் கேனில் அரை லிட்டர் மிச்சம் இருந்தது. எண்ணெய் மட்டம் காட்டும் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டில் சரியாக நின்றது. சரியாக. அது என்னை என்னவோ செய்தது. பிறகு என் கை செய்ததை நான் செய்தேன் என்று எப்படிச் சொல்வது?

அக்காவும் அந்தப் பக்கம் திரும்பி மெஷின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த கதவு.

"நீ ஊத்தினியாடா?" என்றாள் திரும்பாமலே.

"நீ ஊத்தினியா?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"நீ எவ்வளவுன்னு சொல்லு, நான் சொல்றேன்."

"ஒரு மூடி."

"நானும் ஒரு மூடிதான்."

அத்தான் விரலை மடக்கினார். "ஒரு மூடி பதினஞ்சு மில்லி. ரெண்டு பேருக்கும் சேர்த்து முப்பது. பாக்கி எழுநூத்தி இருபது பெட்ரோல். வண்டியைப் பிரிச்சிட வேண்டியதுதான்."

அக்கா திரும்பினாள். "மூடின்னா, நிறைய மூடி. ஒரு டம்ளர் வச்சுக்கோங்க."

"என்னுது ஒன்றரை டம்ளர்" என்றேன்.

"இருநூறு, முந்நூறு. ஐந்நூறாச்சு" என்றார் அத்தான். "இன்னும் இருநூத்தி அம்பது."

இஸ்திரிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். "முதலாளியம்மா, ஒரு நாள் பெட்ரோல் பங்க்ல குச்சியை எடுத்துப் பார்த்துட்டு, எண்ணெய் குறைச்சலா இருக்குன்னான். வண்டி அப்பத்தான் ஓடி நின்னுது. ஒரு சின்ன பாட்டில் வாங்கி ஊத்தினேன். உங்ககிட்ட சொன்னா பங்க்காரன் ஏமாத்திட்டான்னு திட்டுவீங்கன்னு சொல்லல."

"எவ்வளவு?"

"கால் லிட்டர் இருக்கும். அரையாவும் இருக்கலாம்."

எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. குற்றம் எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு ஆரோக்கியம். அதுவரை கீழே இழுத்த பேரம் மேலே ஏறத் தொடங்கியது.

"யோசிச்சுப் பார்த்தா என்னுது ரெண்டு டம்ளருக்குக் குறையாது" என்றேன்.

"நான் ரெண்டு தடவை ஊத்தினேன். இவன் ஊத்தினது தெரியாம மறுபடியும் ஒரு நாள்."

"அரையாவே வச்சுக்குங்க" என்றார் இஸ்திரிக்காரர், பெருந்தன்மையோடு.

அத்தான் கூட்டினார். "ஆயிரத்து முந்நூறு. ஆனா கூட வந்தது எழுநூத்தி அம்பதுதான். மிச்சம் ஐந்நூத்தி அம்பது எங்க?"

மூன்று பேரும் விரலை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தோம்.

"எரிஞ்சிருக்கணும்" என்று அவரே சொன்னார். "ஏழு மாசத்துல அரை லிட்டருக்கு மேல எண்ணெய் எரிக்கிற இன்ஜினையும் பிரிச்சுத்தான் பார்க்கணும்."

"அய்யோ, அப்ப என்னுது ஒரு டம்ளர்தாங்க" என்றாள் அக்கா.

"எனக்குக் கை சின்னது" என்றேன்.

இறங்கினோம், ஏறினோம். கடைசியில் முந்நூறு, இருநூறு, இருநூற்று ஐம்பது என்று படிந்தது. கூட்டினால் கச்சிதமாக எழுநூற்று ஐம்பது. நான் வெற்றியோடு அத்தானைப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை.

"கேட்ட விலைக்கே மூணு பேரும் வந்து நிக்கிறீங்க. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

பழைய கேனை அலமாரியிலிருந்து தேடி எடுத்தோம். காலி. அரை லிட்டர் போயிருக்கிறது, சாட்சி கிடைத்தது என்று நான் கையைத் தூக்குவதற்குள், டிரையர் கதவுக் கீல் கிறீச்சிட்டபோதெல்லாம் அதிலிருந்துதான் விட்டேன் என்று அக்கா முனகினாள். எவ்வளவு விட்டாள் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளிடம் இருந்து ஒரு எண் வந்தால், அதை வைத்து என்ன செய்வது?

மணி நாலரை. அக்கா கூடையிலிருந்து எழுந்தாள்.

"பேசினது போதும். நம்ம வாயை நம்பி நான் ஆஸ்பத்திரிக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஏங்க, பெட்ரோல் கசியுதுன்னா இப்பவும் கசியும்ல?"

"கசியும்."

"அப்ப புது எண்ணெய் ஊத்துங்க. நீங்க ஊத்துங்க. ஓட்டிட்டு வந்து குச்சியைப் பார்ப்போம். ஏறியிருந்தா பெட்ரோல். ஏறலேன்னா நாங்க மூணு பேரும்."

அத்தான் யோசித்தார். "ஏழு மாசத்துல முக்கால் லிட்டர் சேர்ந்தது ஒரு மணி நேரத்துல தெரியுமா?"

மறுபடி மெக்கானிக் அண்ணனுக்குப் போன். இந்தத் தடவை அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பேசினார். "நல்ல கேள்வி. எண்ணெய் சூடாகும்போது பெட்ரோல் ஆவியாப் போயிடும் சார். மெதுவா கசிஞ்சா சேரவே சேராது. முக்கால் லிட்டர் நிக்குதுன்னா இப்பத்தான், வேகமா இறங்கியிருக்கணும். அப்படின்னா ஒரு மணி நேரத்துல குச்சி சொல்லிடும். திரும்பி வந்து சமதரையில நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க. உடனே பார்த்தா எண்ணெய் மேலயே நிக்கும், குறைச்சலாக் காட்டும்." இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மறுபடி அடியில் படுத்தேன். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினேன். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கினேன். அத்தான் குவளையில் அரை அரை லிட்டராக அளந்து, புனல் வழியே ஏழு தடவை ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டு இறங்கும் வரை காத்திருந்தார். இன்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, வண்டியைச் சமதரைக்கு இறக்கி, பத்து நிமிஷம் பொறுத்து, குச்சியைத் துடைத்துச் செருகி எடுத்தார். மேல்கோடு. அதில் பால்பாயின்ட் பேனா முனை அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதுக் கேனில் அரை லிட்டர் மிச்சம். அவர் அதைத் தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கடைப்பையிலிருந்து பிளாஸ்திரி நாடாவை எடுத்து, பானெட்டின் விளிம்பில் குறுக்காக ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதினார்.

"எங்க மேல அவ்வளவு நம்பிக்கை" என்றாள் அக்கா.

"உங்க மேல இருக்கு. உங்க கை மேலதான் இல்லை."

நாலு பேரும் ஏறினோம். அக்கா ஓட்டினாள், அத்தான் பக்கத்தில், நானும் இஸ்திரிக்காரரும் பின்னால் காலித் துணிக்கூடைகளுக்கு நடுவில். ஊரைச் சுற்றிப் போகிற பெரிய சாலையில் இரண்டு சுற்று. வண்டியின் சத்தமே மாறியிருந்தது. மேட்டில் ஏறும்போது முன்பு மூச்சுவாங்கும். இப்போது முனகாமல் ஏறியது. அக்கா ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்துப் பார்த்து, "இவனுக்கு என்ன ஆச்சு, சின்னப் பையன் மாதிரி ஓடறான்" என்றாள். அதில் சந்தோஷம் பாதி, பயம் பாதி. நன்றாக ஓடுவதும் பெட்ரோல்தானோ என்ற பயம். எதையும் நம்ப முடியாத நிலையில் நல்லதுகூடச் சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது.

சிக்னலில் நின்றபோது அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு. எவ்வளவு ஊத்தின?"

"தெரியலக்கா. பார்த்துக்கிட்டு ஊத்தல. வேற பக்கம் பார்த்துக்கிட்டு ஊத்தினேன்."

"நானும் அப்படித்தான்" என்றாள். பச்சை விழுந்தது.

திரும்பி வந்தபோது ஆறு இருபத்தைந்து. அதே சமதரையில் நிறுத்தினோம். அத்தான் பிளாஸ்திரியில் தம் கையெழுத்து முழுதாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பத்து நிமிஷம். அக்கா நாலு விரிப்பை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். இஸ்திரிக்காரர் சூடேறாத இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தார். நான் இன்ஜின் சூடு ஆறும்போது எழும் டிக் டிக் ஓசையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வரைக்கும் நினைவிருக்கிறது.

ஆறு முப்பத்தைந்துக்கு அத்தான் நாடாவைக் கிழித்தார். குச்சியை உருவினார், துடைத்தார், செருகினார், உருவினார். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நடந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே நடந்தோம்.

மேல்கோடு. போகும்போது நின்ற அதே இடம்.

அத்தான் மறுபடி ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். அதே கோடு. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். தாளில் ஒரு சொட்டு வைத்தார். பிறகு குச்சியை அக்காவிடம் நீட்டினார்.

"பெட்ரோல் இல்ல" என்றார். "நீங்கதான்."

அக்கா குச்சியை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அவள் தோள் இறங்கியதை வைத்துத்தான் அதுவரை அவள் எவ்வளவு இறுகி நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சரியாத்தான் நிக்குது" என்றாள். "பார்க்கறதுக்குத்தான் ஒரு மாதிரி கஞ்சத்தனமா இருக்கு."

அத்தான் மிச்சக் கேனைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்கே போய்விட்டார். அங்கே பூட்டிய அலமாரி இருக்கிறது. யார் எவ்வளவு ஊற்றினோம் என்பது இன்றுவரை தெரியாது. சந்தித்தால் அந்தப் பேச்சை எடுத்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஏற்றி இறக்கிப் பார்ப்பதோடு சரி.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மணி ஏழாக இன்னும் எட்டு நிமிஷம்.

"சார், லாண்டரியிலிருந்து பேசறேன். வண்டி ரெடி. ஆமா, நானே ஓட்டிட்டு வரேன். இருநூத்தி நாற்பதும் வரும்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் ஈரமாகக் கிடந்த பாதிக் குவியலைப் பார்த்தாள், இஸ்திரிக்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்ல சார், அஞ்சரைக்கு முடியாது. ஆறுதான்."

போனை வைத்துவிட்டு என்னிடம் ஒரு ஈர விரிப்பின் இரண்டு முனைகளைத் தூக்கிப் போட்டாள்.

"பிடி, இழு" என்றாள்.